70 என்று எழுதிய கார்டு

நேற்று உன் அண்ணன் மகள் வந்திருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒரு பக்கம் என் பெயரும் இந்தத் தியாகராய நகர் விலாசமும் உன் சாய்ந்த எழுத்தில் இருந்தன. மறுபக்கம் நட்டநடுவில் ஒரே ஓர் எண்: 70. வேறு ஒரு சொல் இல்லை. தபால் முத்திரையும் இல்லை. என் பிறந்த நாளுக்கென்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, தபாலில் போடுவதற்குள் போய்விட்டாய்.

“அத்தையோட பைபிளுக்குள்ள இருந்துச்சு” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “கடைசியில கொஞ்சம் மறதி வந்திருச்சோன்னு வீட்ல பேசிக்கிறாங்க ஆன்ட்டி. உங்களுக்கும் அத்தைக்கும் ஒரே வயசுதானே? எண்பத்து நாலு. எழுபதுன்னு எழுதி வெச்சிருக்காங்க பாருங்க.”

மறதியாம், உனக்கு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு விசாரிக்க வேண்டிய இடத்தில் கிழவி சிரிக்கிறாளே என்று அந்தப் பெண் மிரண்டுபோய்ப் பார்த்தாள். “இரு, காப்பி போட்டுக்கிட்டு வரேன்” என்று சொல்லி அடுக்களைக்குள் போனேன். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைக்கும்வரை அங்கேயே நின்றேன். அவளிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. உன்னிடம் சொல்ல வேண்டியதும் அதுவேதான்.

நாம் முதன்முதலில் பேசிக்கொண்டதே சண்டையில்தான். யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதி மயிலாப்பூர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்காததால் அசடு வழியத் திரும்பி வந்த மறு வருஷம். ராயப்பேட்டையில் பட்டாளத்துக்குச் சட்டை தைக்கும் கூடம் ஒன்றில் பொத்தான் எண்ணப் பெண்களை எடுத்தார்கள். என் அப்பா ட்ராம் கண்டக்டர். அம்மா இல்லாத வீட்டில் மூன்று தம்பிகளை ஆளாக்கி முடிப்பதற்குள் எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டிருந்தது. இனிமேல் இவளை யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பில்தான் அப்பா என்னை வேலைக்கு விட்டார். நீ சாந்தோமிலிருந்து வந்தாய். உன் அண்ணன் கோயிலில் உபதேசியார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருகிறவர். நீ என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க என்னை அதிகாரம் செய்தாய்.

எத்தனை பொத்தான் வேண்டும் என்று உன் மேசையிலிருந்து சீட்டு வரும். நான் எண்ணித் தையல்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். மூன்றாம் நாள் வந்த சீட்டில் 123 என்று இருந்தது. நான் நூற்று இருபத்து மூன்று எண்ணி அனுப்பினேன். மத்தியானம் மேஸ்திரி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னாம்மா இது? நாப்பத்தெட்டு சட்டை கழுத்து தொறந்துகினு கீது. சோல்ஜர் இன்னா காத்து வாங்கவா போறான்?”

நீ எழுதியது ஒரு குரோஸ், இரண்டு டஜன், மூன்று உதிரி. பன்னிரண்டு டஜன் சேர்ந்தது ஒரு குரோஸ் என்பது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் பாலபாடம். ஆக நூற்று நாற்பத்து நாலும் இருபத்து நாலும் மூன்றும், நூற்று எழுபத்தொன்று. அவர் போனதும் நான் உன்மேல் பாய்ந்தேன்.

“மேல குரோஸ், டஜன்னு போட்டு எழுதினா கை தேஞ்சிடுமா?”

நீ கோபப்படவே இல்லை. “நீ நூறு, பத்து, ஒண்ணுன்னு மேல போட்டா எழுதற?” என்று கேட்டாய்.

 அன்றைக்கு ராத்திரி முழுவதும் அதையே புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் உன் மேசைக்கு வந்து, “சரி, அப்போ பத்து டஜனுக்கும் பதினோரு டஜனுக்கும் ஒரே எழுத்துக்கு எங்கே போவே?” என்று கேட்டேன். உன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அதுவரை யாரும் உன்னிடம் அதைக் கேட்டதில்லை என்று பிறகு சொன்னாய்.

பத்துக்கு நான் எழுத்து கொடுத்தேன். அப்பாவின் பழைய பஞ்சாங்கத்தில் பத்துக்கு ‘ய’ போலப் போட்டிருக்கும் தமிழ் இலக்கம். பதினொன்றுக்கு நீ கொடுத்தாய். தையல்காரர் சுண்ணாம்புக் கட்டியால் மேசைமேல் ஒரு சின்னச் சிலுவை போட்டாய். “சீஷருங்க பன்னெண்டு பேர். யூதாஸ் போனதும் மிச்சம் பதினொண்ணு. அந்த நேரத்துலதானே சிலுவை. அதனால பதினொண்ணுக்குச் சிலுவை” என்றாய். அது கூட்டல் குறி மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, உன் கண்ணுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும் என்று கையை உதறினாய்.

அதற்குப் பிறகு நமக்குச் சாப்பாட்டு வேளை போதவில்லை. நாலு விரலில் மூன்று மூன்று கணு. கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் போனால் ஒரு கையில் பன்னிரண்டு. மற்றக் கையில் டஜன்களை வைத்துக்கொண்டால் இரண்டு கைக்குள் ஒரு குரோஸ் அடங்கிவிடும். பத்து விரல் இருக்கிறதே என்று பத்துப் பத்தாக எண்ணினார்களே, அவர்கள் கணுவைப் பார்க்காத சோம்பேறிகள் என்பாய். இந்தக் கணக்கில் மூன்றாம் வாய்ப்பாடு 3, 6, 9, பிறகு ஒரு டஜன் என்பதால் 10 என்று நாலே அடியில் வீடு திரும்பிவிடும். ஐந்தாம் வாய்ப்பாடுதான் ஊர் சுற்றி. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கு இருந்த குணம் இங்கே பதினொன்றுக்கு வந்துவிடுகிறது. இரண்டு பதினொன்றை எழுதினால் ஒன்றும் பத்தும், மூன்று பதினொன்றை எழுதினால் இரண்டும் ஒன்பதும். எதைக் கூட்டினாலும் பதினொன்று. இதைக் கண்டுபிடித்த அன்று நீ சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டாய்.

வர்க்க எண்களின் ரகசியத்தைக் கண்டது மட்டும் நான். அதை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எந்த எண்ணை அதனாலேயே பெருக்கிப் பன்னிரண்டு கணக்கில் எழுதினாலும் கடைசி இலக்கம் 0, 1, 4, 9 ஆகிய நாலில் ஒன்றாகத்தான் இருக்கும். ஐயைந்து 21. ஆறாறு 30. ஏழேழு 41. எட்டெட்டு 54. அந்த நாலு இலக்கமும் தாமே வர்க்கங்கள். பத்துக் கணக்கில் ஐந்தும் ஆறும் வந்து கெடுக்கும். இதில் கெடுக்க ஆள் இல்லை. நீ நம்பாமல் ஒரு வாரம் சோதித்துப் பார்த்தாய். பிறகு, “எண்ணு மாறறதே இல்லடி. எழுதற கணக்கை மாத்தினா, அது மறைச்சு வெச்சிருந்த குணம் வெளிய வந்துடுது” என்றாய். நான் அதை ஒரு விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கவிச்சி ஆகாது, உனக்கு இறைச்சி ஆகாது. மீன் கவிச்சியா இல்லையா என்று வெள்ளிதோறும் ஒரு சண்டை நடக்கும். சாயங்காலம் ஒன்றாக நடந்து, மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் நான் நின்றுகொள்ள, நீ கச்சேரி ரோடு வழியாகக் கடல் பக்கம் போவாய். அந்த ஒன்றரை வருஷத்தைப் போல நான் பிறகு சந்தோஷமாக இருந்ததில்லை. கட்டிய புருஷனிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, பாவம்.

அப்புறம் உனக்கு அந்த வரன் வந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் வீடு. தபால் ஆபீஸ் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். ஒரு திருநாள் பூசையில் அவர் வாசித்ததை நீ ஏற்கெனவே கேட்டிருந்தாய், அதை என்னிடம் மூன்று தடவை சொல்லியும் இருந்தாய். ஆனால் அவருடைய அம்மாவுக்கு இருபத்தொன்று தாண்டிய பெண் வேண்டாம். தரகர் வந்து உன் அண்ணனிடம், “நாலு வயசை முழுங்கிடுங்க. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க?” என்றாராம். உபதேசியார் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“ஆயிரம்னா எந்தக் கணக்குல ஆயிரம்னு கேக்கலாம்னு இருந்தேன்” என்று மறுநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். “நம்ம கணக்குலன்னா ஆயிரத்து எழுநூத்து இருபத்தெட்டுப் பொய் சொல்லணும்.” இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நீ சிரிப்பை நிறுத்திவிட்டு, “என்னால முடியாதுடி. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல சாமிகிட்ட என்ன சொல்லுவேன்? ஆனா அவரை விடவும் மனசு வரல” என்றாய். உன் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்போது நான் சொன்னேன்.

“இருபதுன்னே சொல்லேன். இதுல பொய் எங்க இருக்கு? ரெண்டு டஜன் வருஷம், உதிரி இல்ல. நம்ம கணக்குல எழுதிப் பாரு.”

சுண்ணாம்புக் கட்டியால் மேசையில் 20 என்று நானே எழுதியும் காட்டினேன். நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். மெல்ல உன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நான் ஒரு பெரிய சிக்கலை அவிழ்த்துவிட்ட மாதிரி அன்று முழுவதும் மிதந்துகொண்டிருந்தேன். அகம்பாவம்.

பெண் பார்க்க வந்தபோது அந்த அம்மாள் கேட்டார். நீ “இருபதுங்க” என்றாய். எல்லாருக்கும் திருப்தி. உன் கோயிலில் முதல் ஓலையும் வாசித்தார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. எதற்கும் ஞானஸ்நானச் சீட்டு வேண்டும் என்பதை நானா நினைத்துப் பார்த்தேன்? எங்கள் வீடுகளில் பிறந்த தேதியைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். உங்களுக்கோ பிறந்த எட்டாம் நாளே கோயில் புத்தகத்தில் ஏறிவிடுகிறது. நீ பிறந்தது பரங்கிமலையில், உன் அம்மா ஊரில். அங்கிருந்து சீட்டு வந்து சேர, குட்டு வெளிப்பட்டது.

பங்குச் சாமியார் வீட்டுக்கு உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். துணைக்கு வா என்று என்னை அழைத்துப் போனாய். அந்தக் கூடத்தை இன்னும் என்னால் அப்படியே வரைந்துகாட்ட முடியும். சாமியார் நாற்காலியில். ஒரு பக்கம் அந்த அம்மாளும் மகனும். இன்னொரு பக்கம் தலை குனிந்து உன் அண்ணன். கதவோரம் நான். மேசைமேல் அந்தச் சீட்டு.

“பொய்யி! கோயில்ல ஓலை வாசிச்சப்புறம் பொய்யி!” என்றார் அந்த அம்மாள்.

நீ நிதானமாகப் பொத்தான் கணக்கை விளக்கினாய். டஜன், குரோஸ், விரல் கணு எல்லாம். சாமியாருக்குச் சுவாரசியம் வந்துவிட்டது. முன்னால் சாய்ந்து கேட்டார். அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை, “அந்தக் கணக்குல எனக்கு என்ன வயசுங்க?” என்று கேட்டார். அவருக்கு இருபத்தொன்பது. நீ விரலால் மேசைமேல் 25 என்று எழுதினாய். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு. அதைக் கேட்ட எனக்கே அவரைப் பிடித்துப்போனது.

சாமியாரும் புன்னகையோடு, “அப்போ நீ பொய் சொல்லலைங்கறே?” என்றார். நீ ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் அந்த அம்மாளைச் சமாதானப்படுத்தியிருப்பார். 

“இல்ல சாமி, பொய்தான்” என்றாய். “எழுதிக் காட்டியிருந்தா பொய்யில்ல. நான் வாயால இருபதுன்னு சொன்னேன். இரு பத்து. ரெண்டு பத்துன்னுதானே அந்தச் சொல்லுக்கே அர்த்தம்? எனக்கு ரெண்டு பன்னெண்டு ஆவுது. கேட்டவங்க பத்துக் கணக்குல கேட்டாங்க. கேக்கறவங்க கணக்குலதான் பதில் சொல்லணும்.”

ஒன்றரை வருஷம் அந்த எண்களோடு புரண்ட எனக்கு அது தோன்றவே இல்லை. தமிழில் அந்தச் சொல்லுக்குள்ளேயே பத்து உட்கார்ந்திருக்கிறது. நம் சிலுவையையும் பஞ்சாங்க எழுத்தையும் காகிதத்தில் எழுதலாம், வாயால் சொல்ல நமக்குச் சொல்லே இல்லை.

மாப்பிள்ளை சிரிப்பதை நிறுத்தி உன்னைப் பார்த்தார். அந்த அம்மாள் எழுந்துவிட்டார். “இந்தக் குதர்க்கத்தை யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டார்.

அதற்கு முந்தின வாரம்தான், இனி வராது என்றிருந்த எனக்கும் ஒரு இடம் வந்திருந்தது. தியாகராய நகரில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள். வயதைப் பெரிதாக எண்ணவில்லை. அப்பா பத்து வருஷம் கழித்துச் சிரித்த வாரம் அது. பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவள் என்று பேச்சு கிளம்பினால் கச்சேரி ரோட்டைத் தாண்டி வர எவ்வளவு நேரமாகும்? இதையெல்லாம் நான் அந்த ஒரு கணத்தில் கணக்குப் பார்த்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. வாயில் கொழுக்கட்டையோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“யாரும் இல்லீங்க. நானேதான்” என்றாய்.

அன்று நீ சொன்ன அசல் பொய் அதுதான். யூதாஸாவது வாயைத் திறந்து காட்டிக்கொடுத்தான். நான் வாயைத் திறக்காமலே அதைச் செய்தேன்.

கல்யாணம் நின்றது. சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தோம். நான், “அங்க நான் வந்து...” என்று ஆரம்பித்தேன்.

“சொல்லாதே” என்றாய். “நீ சொல்லியிருந்தா ரெண்டு கல்யாணம் நின்னிருக்கும். இப்ப ஒண்ணுதான். கணக்கு சரியாத்தானே இருக்கு?” பிறகு, “இருபதைத்தான் அங்கயே சொல்லியாச்சு. சனிக்கிழமை சாமிகிட்ட ‘நானேதான்’ங்கறதைச் சொல்லணும். யாருக்காகன்னு சொல்ல மாட்டேன், பயப்படாதே” என்றாய்.

கல்யாண ஜாக்கெட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த சிப்பிப் பொத்தான் அட்டையை இடுப்பிலிருந்து எடுத்தாய். பன்னிரண்டு பொத்தான். ஒன்றைப் பல்லால் கடித்து அறுத்து எடுத்துக்கொண்டு, அட்டையை என் மடியில் போட்டாய். “நீ கல்யாணத்துக்கு வெச்சுத் தெச்சுக்கோ. ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும்” என்றாய். நான் தைக்கவில்லை. எப்படித் தைப்பேன்?

யுத்தம் முடிந்து கூடத்தை மூடினார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்தேன். நீ கோயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரம்மா ஆனாய். வேறு வரன் பார்க்க நீ சம்மதிக்கவில்லை. ஆர்மோனியக்காரரின் அந்தச் சிரிப்பைப் பற்றி மட்டும் எப்போதாவது சொல்வாய். ஒவ்வொரு வருஷமும் என் பிறந்த நாளுக்கு ஒரு கார்டு வரும். 21. 22. முப்பத்தைந்தாம் வயதில் இரண்டும் சிலுவையும். அடுத்த வருஷம் 30, பக்கத்தில் ஒரு பூ. எண்ணாகத்தான் எழுதுவாய், ஒரு தடவைகூட எழுத்தால் எழுதியதில்லை, நேரில் வந்தால் வாயால் சொல்லியதும் இல்லை. ஏன் என்று நமக்குத் தெரியும். போன வருஷம் ஆறும் சிலுவையும். அதைப் பார்த்து எனக்கு என்னவோ போல இருந்தது. அடுத்தது முழு டஜன், அது வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று மறுபடியும் பால் காய்ச்சிக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பீரோவைத் திறந்து அந்த அட்டையை எடுத்து உன் அண்ணன் மகள் கையில் கொடுத்தேன்.

“எண்ணும்மா.”

“பதினொண்ணு இருக்கு ஆன்ட்டி. பன்னிரண்டாவது எங்க?”

“உங்க அத்தைகிட்ட.”

அவள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். “அத்தை வயசை மறைச்சதாலதான் கல்யாணம் நின்னுபோச்சுன்னு அப்பா சொல்லுவார். இந்தக் கார்டைப் பார்த்ததும் எங்களுக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. மறுபடியும் வயசைக் குறைச்சு எழுதியிருக்காங்களேன்னு” என்றாள்.

உன் வீட்டில் உன்னைப் பற்றி மிஞ்சியிருப்பது இதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமும் நீ அதைத் திருத்தவே இல்லை. திருத்த வேண்டுமென்றால் என் பெயரைச் சொல்ல வேண்டும்.

“உங்க அத்தை வயசை மறைக்கலம்மா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். “அது என் யோசனை. இருபதுன்னு சொல்லச் சொன்னது நான். யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டப்போ நான் அங்கேயே நின்னுட்டிருந்தேன். வாயைத் திறக்கல.”

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்போ இந்த எழுபது?” என்றாள்.

“எழுபதுன்னு படிக்காதே. ஏழு டஜன், உதிரி இல்லை” என்று அவள் கையைப் பிடித்து, கட்டை விரலை முதல் கணுவில் வைத்தேன். ஏழு தடவை சுற்றி வந்து அவளே எண்பத்து நாலு என்று சொல்லும்வரை விடவில்லை. அவள் அதைச் சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

போகும்போது, வீட்டில் எல்லாரிடமும் சொல்லட்டுமா என்று கேட்டாள். சொல்லு, என் பெயரைப் போட்டே சொல்லு என்றேன். கார்டை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

சாமியார் வீட்டில் அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு, கேட்டவர் கணக்கில் பதில் சொல்ல எனக்கு அறுபது வருஷம் ஆயிற்று. உன் கணக்கில் எழுதினால் 50.